வீடு வாங்குமுன் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பங்கள் கூட்டத்தில், பங்கின் குடும்ப நலக் குழு சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழாக் கூட்டத்தில் பக்தியைப் பற்றியும் பங்கின் வரலாற்றைப் பற்றியும் பேசப் பலர் இருக்கிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட பொருளோ வீட்டுக் கடன். "கோவில் விழாவில் வட்டிக் கணக்கா?" என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் ஆண்டவரே ஒரு கட்டடச் செலவுக் கணக்கைப் பற்றிப் பேசியிருக்கிறார். லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று கேட்கிறார். அஸ்திவாரம் போட்டு முடிக்க முடியாமல் நிற்பவனைக் கண்டு ஊரார் நகைப்பதையும் சொல்கிறார். சீடனாவதற்குக் கொடுக்க வேண்டிய விலையை விளக்கவே அவர் அந்த உவமையைச் சொன்னார் என்பது உண்மை. எனினும் கேட்டுக் கொண்டிருந்த ஏழை எளியவர்களுக்கு நன்றாக விளங்கக் கூடிய உதாரணம் என்று அவர் எடுத்துக்கொண்டது கட்டடத்தைத்தான்.

பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், உழைப்பாளி நியாயமான கூலி பெற்று, சிக்கனமாக வாழ்ந்து, மிச்சம் பிடித்து, சிறிதளவாவது சொத்துச் சேர்ப்பது நல்லது என்று போதித்தார். ஆகவே சொந்த வீடு வேண்டும் என்ற ஆசை பேராசையன்று. அந்த ஆசையைக் குடும்பத்தின் சமாதானம் கெடாமல் எப்படி நிறைவேற்றுவது என்பதே கேள்வி.

இன்று நாங்கள் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்துத்தான். பாங்கு எவ்வளவு கடன் கொடுக்கும் என்பதை வைத்து வீட்டைத் தேடாதீர்கள். தவணை கட்டிய பிறகு குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை வைத்துத் தேடுங்கள். வீடு வாங்கித் தடுமாறும் குடும்பங்கள் பெரும்பாலும் பாங்குக் கடனால் மட்டும் தடுமாறுவதில்லை. அந்தக் கடன் போதாமல் அதைச் சுற்றி வாங்கிய சில்லறைக் கடன்களால்தான் தடுமாறுகின்றன.

ஒரு பங்கில் கோவில் கட்ட வேண்டுமானால், முதலில் மதிப்பீடு எழுதி, கையில் உள்ளது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு என்று காட்டி, ஆயரிடம் அனுமதி பெறுகிறோம். அப்படியிருக்க, நம் வீட்டுக்கு மட்டும் மதிப்பீடு இல்லாமல் அச்சாரம் கொடுப்பானேன்?

விலை வேறு, செலவு வேறு

ஒரு உதாரணம் எடுத்துக் கொள்வோம். கணக்குக்காக மட்டும் வைத்துக் கொண்ட குடும்பம் இது. கணவனும் மனைவியும் வேலை பார்க்கிறார்கள். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 50,000 ரூபாய். வாடகை 8,000. இரண்டு பிள்ளைகள். ஊருக்குச் சற்று வெளியே 25 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கிறார்கள். பாங்கு 20 லட்சம் தருகிறது. மீதி 5 லட்சம்தானே, நம்மிடம் 7 லட்சம் இருக்கிறதே என்று மகிழ்கிறார்கள்.

அந்த மகிழ்ச்சி எத்தனை நாள் நிற்கும் என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2023-இல் 4-லிருந்து 2 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ஆக 9 சதவிகிதம். 25 லட்சத்துக்கு அது 2,25,000 ரூபாய். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு வேறு விகிதம் உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறையும். ஆகவே பதிவுக்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளுங்கள்.

இதற்குமேல் வக்கீல் பார்வை, பொறியாளர் மதிப்பீடு, பத்திரம் எழுதும் கூலி, பாங்கின் பரிசீலனைக் கட்டணம், பத்திரத்தைப் பாங்கில் ஒப்படைப்பதைப் பதியும் செலவு எல்லாவற்றுக்கும் 50,000 ஒதுக்குவோம். பழுது, வெள்ளை, மின் இணைப்பின் பெயர் மாற்றம், சாமான் ஏற்றிக் கொண்டு போகும் வண்டி ஆகியவற்றுக்கு 75,000. வீடு மந்திரிப்பும் உறவினருக்கு ஒரு வேளைச் சாப்பாடும் 50,000. இவற்றோடு அந்த 5 லட்சத்தையும் கூட்டினால் 9,00,000 ஆகிறது. வேலைக்கு இடைஞ்சல் வந்தால் ஆறு மாதத் தவணை கட்டக் கையிருப்பு வேண்டாமா? அது 1,08,000. மொத்தம் 10,08,000 ரூபாய். 5 லட்சம் போதும் என்று புறப்பட்ட குடும்பத்துக்கு வேண்டியது 10 லட்சம்!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிசர்வ் பாங்கு விதிப்படி, 30 லட்சம் வரையான வீட்டுக் கடனில் சொத்து மதிப்பில் 90 சதவிகிதம் வரையிலும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவிகிதம் வரையிலும், அதையும் தாண்டினால் 75 சதவிகிதம் வரையிலும் பாங்குகள் தரலாம். இது உச்ச வரம்பே தவிர, நமக்குள்ள உரிமையன்று. மேலும், 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளைத் தவிர மற்றவற்றுக்கு முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவுகளைச் சொத்து மதிப்போடு சேர்த்துக் கணக்கிடுவதில்லை. ஆகவே அந்தப் பணம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும்.

தவணையின் உள்கணக்கு

20 லட்சத்தை 9 சதவிகித வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 17,995 ரூபாய். 240 தவணைகளில் நாம் கட்டுவது சுமார் 43 லட்சத்து 19 ஆயிரம். முதல் மாதத் தவணையில் 15,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 2,995 மட்டுமே. முதல் ஆண்டு முழுவதும் 2,15,000 ரூபாய்க்கு மேல் கட்டியும் கடன் குறைவது சுமார் 37,500 தான். பாங்கு ஏமாற்றுகிறது என்று இதற்குப் பொருளல்ல. நிற்கும் அசலுக்கு வட்டி போடும் முறையே இதுதான். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்.

அதே கடனை 15 ஆண்டில் முடித்தால் தவணை 20,285. மாதம் 2,290 ரூபாய்தான் அதிகம். ஆனால் மொத்த வட்டியில் சுமார் 6,67,000 ரூபாய் மிச்சம். இன்னொரு வழியும் உண்டு. 20 ஆண்டுக் கடனில் முதல் ஆண்டு முடிவில் போனஸோ சீட்டுப் பணமோ வந்து 1 லட்சம் அசலில் கட்டினால், கடைசியில் ஏறத்தாழ 27 தவணைகள் குறைந்துவிடும். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது என்பது விதி. பாங்குகளுக்கு இது 2012 முதலே நடைமுறையில் உள்ளது.

வட்டி ஏறினால் என்ன ஆகும்? 2019 அக்டோபர் முதல் பாங்குகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ஒரு வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் பாங்கின் ரெப்போ விகிதத்தோடு, இணைக்கப்படுகின்றன. அந்த விகிதம் 2020 மே மாதம் 4 சதவிகிதமாக இருந்தது. 2022 மே முதல் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 ஆயிற்று. பின்னர் 2025 டிசம்பரில் 5.25 வரை இறங்கியது. ஏறுவதும் இறங்குவதும் அதன் இயல்பு. நம் உதாரணக் கடனில் வட்டி 9-லிருந்து 10 ஆனால் தவணை 19,300 ஆகும். தவணையை உயர்த்தாமல் விட்டால், 240 மாதக் கடன் 314 மாதம் ஆகும். ஆறு ஆண்டுகளுக்கு மேல் கூடிவிடுகிறது! தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்தெடுக்கக் கடன்தாரருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. பாங்கிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். முடிந்தவரை தவணையை உயர்த்திக் கொள்வதே மேல்.

மிஞ்சுவது எவ்வளவு?

50,000 வருமானத்தில் 18,000 தவணை போனால் மீதி 32,000. சாப்பாட்டுக்கு 13,000, பிள்ளைகளின் படிப்புக்கு 7,000, போக்குவரத்து 3,500, மின்சாரம், கேஸ், தொலைபேசி 2,500, வைத்தியம் 2,000, வீட்டு வரியும் சில்லறைப் பழுதும் 1,500, ஆயுள் காப்பீடு 1,500, காணிக்கையும் தர்மமும் 1,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 32,000. ஒரு ரூபாய் மிச்சமில்லை. கிறிஸ்துமஸ் துணிமணிக்கும், ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கும், தங்கை மகள் கலியாண மொய்க்கும் பணம் எங்கிருந்து வரும்?

வருமானத்தில் 40, 50 சதவிகிதம் வரை தவணை போகும் அளவுக்குக் கூடப் பாங்குகள் கடன் தருவதுண்டு. பாங்கு பார்ப்பது நம் சம்பளச் சீட்டை. மூத்தவன் எந்த ஆண்டு கல்லூரிக்குப் போவான், வயதான தாயாருக்கு மாத்திரை எவ்வளவு ஆகிறது, தையல் வேலை மழைக் காலத்தில் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். ஆகவே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, கடன் ஓடப் போகும் ஆண்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு ஆண்டுக்கும் எதிரே பிள்ளைகளின் வயதையும் உங்கள் வயதையும் எழுதுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடுகிறதென்றால் அந்தக் கடன் உங்களுக்குப் பெரிது. வருமானம் சற்று இருக்கும்போதே குறைத்து வாங்குங்கள்.

இதற்கு நாங்கள் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அதை ஒத்திகை என்று சொல்லலாம். வீடு பார்க்கத் தொடங்கு முன்னே, தவணைக்கும் இப்போதைய வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாதம் தவறாமல் தொடர் வைப்பாகக் கட்டி வாருங்கள். நம் உதாரணத்தில் அந்த வித்தியாசம் 10,000. வீட்டு வரி, பழுதுக்கான 1,500-ஐயும் சேர்த்தால் 11,500. பண்டிகை, பள்ளித் திறப்பு, காய்ச்சல், கலியாணம் எல்லாம் வந்து போகும் ஒரு முழு ஆண்டு, எங்கும் கடன் வாங்காமல் இதைக் கட்ட முடிந்தால், அந்தத் தவணையை உங்கள் குடும்பம் தாங்கும். முடியவில்லையென்றால் கவலை வேண்டாம், உங்கள் பணம் உங்களிடமே இருக்கிறது. கடனை 15 லட்சமாகக் குறைத்தால் தவணை 13,500 தான். அதற்கேற்ற சிறிய வீட்டைப் பாருங்கள். விரலுக்குத் தக்க வீக்கம் என்று முன்னோர் சொன்னது இதற்குத்தான்.

சில்லறைக் கடன் என்னும் கரையான்

இனி முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம். வேண்டியது 10 லட்சம், கையில் 7 லட்சம். பற்றாக்குறை 3 லட்சம். அச்சாரம் கொடுத்தாயிற்று, கிரயத் தேதி நெருங்குகிறது. அப்போது ஒருவர் வந்து, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். அந்த 3 லட்சத்துக்கு மாதம் 9,000 ரூபாய் வட்டி. ஒப்பிட்டுப் பாருங்கள்: 20 லட்சத்துக்குப் பாங்கில் 18,000 கட்டினால் அசலும் கழிகிறது. இங்கே 3 லட்சத்துக்கு 9,000 கட்டியும் அசலில் ஒரு காசு குறையாது. இரண்டு ஆண்டில் 2,16,000 போயும் 3 லட்சம் அப்படியே நிற்கும். வீட்டைக் கரையான் அரிப்பது இப்படித்தான். அளவுக்கு மீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தைத் தேடிப் போகும் நிலைமை வருமுன் காத்துக் கொள்வதே புத்தி.

கந்து வட்டிக்கு எதிராகத் திருச்சபை வெறுமனே பிரசங்கம் மட்டும் செய்யவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கு அடகின்பேரில் குறைந்த செலவில் கடன் தரும் நிலையங்கள் தொடங்கப் பாடுபட்டார்கள். 1462-இல் பெருஜியா நகரில் அப்படி ஒன்று ஏற்பட்டது. நிர்வாகச் செலவுக்காக அவை சிறு தொகை வாங்குவது தவறன்று என 1515-இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றுக் கொண்டது. நியாயமான கடன் வேறு, குடும்பத்தை விழுங்கும் கடன் வேறு என்ற இந்தப் பாகுபாடு நமக்கும் வேண்டும்.

அந்த 3 லட்சத்துக்கு வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. நாம் சொன்ன ஒத்திகையையே இரண்டு ஆண்டு செய்தால் 2,76,000 சேரும். வைப்பு வட்டியும் சேர்ந்தால் பற்றாக்குறை ஏறத்தாழ அடைந்துவிடும். "அதற்குள் வீட்டு விலை ஏறிவிடாதா?" என்று கேட்பீர்கள். ஏறலாம். அப்போது இன்னும் சற்றுத் தூரத்தில் பார்க்கலாம், ஒரு அறை குறைத்து வாங்கலாம். ஆனால் கந்து வட்டியைக் குறைத்துக் கொள்ள வழியே கிடையாது.

நகர்ப்புறத்தில் இருப்போர் 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தையும் விசாரிக்கலாம். நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாத, ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டின் பேரில் வாங்கும் 25 லட்சம் வரையான கடனில், முதல் 8 லட்சத்துக்கு வட்டி மானியம் உண்டு. அது அதிகபட்சம் 1,80,000 ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளில். கிடைத்தால் கடன் குறையும். வரும் என்று நம்பிக் கைப்பணத்தைக் குறைத்துக் கொள்ளாதீர்கள். வருமான வரிச் சலுகையும் அப்படியே. புதிய வரி முறையில் நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே அன்பியத்தைச் சேர்ந்தவர், ஞானப்பெற்றோர், கூட வேலை பார்ப்பவர் என்று கேட்கும்போது மறுக்கக் கூச்சமாயிருக்கும். கடன்பட்டவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் கட்ட வேண்டும் என்பதே அந்தக் கையெழுத்தின் அர்த்தம். கட்ட முடியும் என்றால் மட்டுமே போடுங்கள்.

பத்திரமும் மனச்சாட்சியும்

அச்சாரம் கொடுக்குமுன் மூலப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி, வரி ரசீது ஆகியவற்றை வக்கீலிடம் காட்டுங்கள். மனையானால் அனுமதி பெற்ற மனைப்பிரிவா என்று பாருங்கள். கட்டிக் கொண்டிருக்கும் அடுக்குமாடி வீடானால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். அந்தச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதியாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. கட்டி முடியும்வரை வாடகையும், பாங்கு விடுவித்த தொகைக்கு வட்டியும் சேர்ந்து ஓடும் என்பதையும் கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள்.

சிலர், பத்திரத்தில் குறைத்துக் காட்டுவோம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் சட்டம் தடுக்கிறது. குறைத்துக் காட்டிய தொகைக்குப் பாங்கு கடன் தராது. அந்த ரொக்கத்துக்காகவே பலர் கந்து வட்டிக்காரரிடம் போகிறார்கள். பொய்யின் மேல் போட்ட அஸ்திவாரத்தைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

கடன் வாங்கிய பின் கஷ்டம் வந்தால் ஒளிந்து கொள்ளாதீர்கள். தவணை 90 நாள் நிலுவையானால் பாங்கு அதை வாராக் கடனாகக் கொள்ளும். 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, கோர்ட்டில் வழக்குத் தொடராமலே வீட்டைக் கைப்பற்றலாம். ஆகவே முதல் தவணை தவறும்போதே மானேஜரைப் போய்ப் பாருங்கள், காலத்தை மாற்றியமைக்கக் கேளுங்கள். குடும்பத் தலைவருக்கு ஏதேனும் நேர்ந்தால் கடன் அடையும் அளவுக்கு ஆயுள் காப்பீடு எடுத்து வையுங்கள். கடன் முழுவதும் தீர்ந்தபின் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. பத்திரத்தை வாங்கியதோடு நில்லாமல், வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியதா என்றும் பாருங்கள்.

அன்பார்ந்தவர்களே! வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார் என்பது நம்மவர் பழமொழி. இரண்டிலும் ஊர் பார்க்கிறது என்ற கூச்சமே பாதிச் செலவை இழுத்து விடுகிறது. வாடகை வீட்டிலும் ஜெபமாலை சொல்லலாம், பிள்ளைகளை நல்லவர்களாக வளர்க்கலாம். திருக்குடும்பம் பெத்லகேமில் இடமின்றி நின்றது. எகிப்தில் அந்நியர் நடுவே தங்கிற்று. அங்கெல்லாம் குறையாமல் இருந்தது அவர்களுடைய ஒற்றுமை. சொந்த வீடு வந்தும் தவணைத் தேதி நெருங்கும்போதெல்லாம் கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்களானால், வீடு வந்து என்ன பயன்?

ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு மாலை, பிள்ளைகள் தூங்கிய பின், இருவரும் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக் கொண்டு உட்காருங்கள். வரவு, செலவு, கையிருப்பு, பற்றாக்குறை என்று நான்கு பத்தி எழுதுங்கள். புரியாத இடத்தில் எங்கள் குழுவினரைக் கேளுங்கள். கணக்குப் பார்க்கக் கட்டணமில்லை. அவசரமும் இல்லை. குடும்பங்களின் பாதுகாவலரும், கைத்தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவருமான புனித சூசையப்பர், நம் பங்கின் வீடில்லாக் குடும்பங்களுக்கெல்லாம் பொறுமையையும் நல்ல புத்தியையும், ஏற்ற காலத்தில் ஒரு நல்ல கூரையையும் பெற்றுத் தருவாராக.